மலிவு விலை எம்பி3 பிளேயர் பாடவில்லையா? தூக்கிப் போடும் முன் பார்க்க வேண்டியவை

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ஒரு குட்டி எம்பி3 பிளேயர் கிடைக்கிறது. சட்டைப் பையில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப், நடுவில் வட்டமான பொத்தான், பளபளவென்று ஒரு பெட்டி. பார்த்தால் ஆப்பிளின் ஐபாட் ஷஃபிள் மாதிரியே இருக்கும். மாதிரிதான், அது இல்லை. கிளிப் வைத்த ஷஃபிள் 2006 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. ஷஃபிள், திரை வைத்த நானோ இரண்டையும் ஆப்பிள் 2017 ஜூலையிலேயே நிறுத்திவிட்டது. கடைசியாக மிச்சமிருந்த ஐபாட் டச்சும் 2022 மே மாதத்தோடு முடிந்தது. அசல் ஷஃபிள் எதிலும் மெமரி கார்டு போடும் இடமே கிடையாது. உங்கள் கையில் இருப்பதில் கார்டு செருகும் பிளவு இருந்தால் வேறு சோதனையே வேண்டாம், டூப்ளிகேட்.

டூப்ளிகேட் என்றால் பாடாது என்று அர்த்தமில்லை. உள்ளே ஒரு சிப், ஒரு சின்ன பேட்டரி, கார்டு செருகும் இடம், ஹெட்போன் ஓட்டை, அவ்வளவுதான். கெட்டுப்போக அதில் அதிகம் எதுவும் இல்லை. 'வந்த அன்றே வேலை செய்யவில்லை' என்று சொல்லப்படுவதில் கணிசமானவை கார்டு, கேபிள், பாட்டு ஃபைல், இயர்போன் ஆகிய நான்கில் ஒன்றின் கோளாறாகவே இருக்கும். அதனால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் கார்டையும் மாற்றி, கேபிளையும் மாற்றி, பாட்டையும் மாற்றினால் எதில் தப்பு என்று கடைசிவரை தெரியாது.

ரிட்டர்ன் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

பிளேயரைத் தொடும் முன் ஆர்டர் பக்கத்தைத் திறந்து எந்தத் தேதிவரை திருப்பிக் கொடுக்கலாம் என்று பாருங்கள். இது விற்பவருக்கு விற்பவர் மாறும். மலிவுப் பொருள்களில் பணம் திரும்பாது, மாற்றுப் பொருள் மட்டும்தான் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதும் உண்டு. கீழே சொல்லும் சோதனைகள் எல்லாவற்றையும் அந்தத் தேதிக்குள் முடித்துவிடுங்கள். அடுத்த மாதம் லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்தால் கதை முடிந்தது.

விளக்கப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்பவர் நாளைக்கே வாசகத்தை மாற்றிவிடலாம். பார்சலைப் பிரிக்கும்போது மேலே ஒட்டிய லேபிளில் ஆரம்பித்து, பொருள் வெளியே வரும்வரை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுத்தால் பின்னால் பேச வசதி. கவரையும் அட்டைப் பெட்டியையும் குப்பையில் போட வேண்டாம்.

அந்த விளக்கத்தை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். '32 ஜிபி சப்போர்ட்' என்று எழுதியிருந்தால் 32 ஜிபி கார்டு வரை போடலாம் என்றுதான் பொருள். கார்டு அதோடு வராது. ஷஃபிள் மாதிரி வரும் பெட்டிகள் பலவற்றில் சொந்த நினைவகமே இல்லை. கார்டு போடாமல் ஆன் செய்தால் ஒரு விளக்கு மின்னிவிட்டு அணைந்துபோகும். 'செத்த பொருளை அனுப்பிவிட்டான்' என்று ஒரு நட்சத்திரம் கொடுக்கும் பலரும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

சார்ஜ் ஏறுகிறதா?

குடோனில் மாதக்கணக்கில் கிடந்த பெட்டி சார்ஜ் சுத்தமாக இறங்கித்தான் வரும். உள்ளே இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் பாதுகாப்புச் சுற்று அதைத் துண்டித்துவிடும். அந்த நிலையில் சார்ஜில் போட்டதும் விளக்குகூட எரியாமல் இருக்கலாம். அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் பாருங்கள். அதுவரை பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டாம்.

சார்ஜ் செய்ய கம்ப்யூட்டரின் யூஎஸ்பி போர்ட் போதும். அது தரும் 5 வோல்ட், அரை ஆம்பியர் இந்தச் சின்ன பேட்டரிக்குத் தாராளம். நல்ல ஃபாஸ்ட் சார்ஜர் என்றாலும் எதிரில் இருக்கும் கருவி கேட்காதவரை 5 வோல்ட்தான் கொடுக்கும், அதனால் அதில் போட்டதுமே எரிந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. ஆனால் இந்தப் பெட்டிகளின் சார்ஜிங் சுற்றை நான் நம்புவதில்லை. ராத்திரி முழுக்க மாட்டிவிட்டுத் தூங்க வேண்டாம், தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் செய்யவும் வேண்டாம்.

அடுத்தது கேபிள். பழைய அச்சில் வார்த்த பெட்டிகளில் இன்னும் 5 பின் மினி யூஎஸ்பிதான் வருகிறது. செல்போனின் மைக்ரோ யூஎஸ்பி அதில் நுழையாது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய டிஜிட்டல் கேமரா வீட்டில் கிடந்தால் அதன் கேபிளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். பெட்டியோடு வரும் முழ நீளம்கூட இல்லாத கேபிளை முதல் சந்தேக நபராக வைத்துக்கொள்ளலாம். யூஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி இருக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்கத் தகவல் கம்பிகளை விட்டுவிட்டுச் செய்வார்கள். அப்படிப்பட்ட கேபிளில் சார்ஜ் ஏறும், ஆனால் கம்ப்யூட்டர் பிளேயரைக் கண்டுகொள்ளவே கொள்ளாது.

டைப் சி ஓட்டை வைத்த புது மாடல் என்றால் ஒரு விசேஷக் கோளாறு உண்டு. இரண்டு முனையும் டைப் சியாக இருக்கும் கேபிளில் சார்ஜே ஏறாது. காரணம், டைப் சி சார்ஜர் எதிரில் ஒரு கருவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மின்சாரம் விடும். அதற்காகக் கருவிக்குள் 5.1 கிலோஓம் மின்தடை இரண்டு இருக்க வேண்டும். சில பைசா பெறுமானமுள்ள அந்த மின்தடைகளை மலிவுத் தயாரிப்பாளர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய பட்டை யூஎஸ்பி, மறுமுனை டைப் சி என்று இருக்கும் சாதாரணக் கேபிளில் போடுங்கள், ஏறிவிடும்.

இத்தனைக்கும் பிறகு வேறு கேபிள், வேறு போர்ட், ஒரு மணி நேரம் என்று பார்த்தும் விளக்கே எரியவில்லையா? மேற்கொண்டு படிக்க வேண்டாம், இன்றே ரிட்டர்ன் போடுங்கள்.

கார்டு: முக்கால்வாசிப் பிரச்சினை இங்கேதான்

பெட்டியை ஆஃப் செய்துவிட்டு, 'டிக்' என்று பிடிக்கும்வரை கார்டை உள்ளே தள்ளுங்கள். தலைகீழாக நுழைக்க முயன்றால் பாதியில் நிற்கும். அப்போது பலம் காட்ட வேண்டாம், உள்ளே இருக்கும் தகடுகள் வளைந்துவிடும். விரல் நகத்தால் அழுத்தினால்தான் பிடிக்கும் என்கிற அளவுக்கு உள்ளே தள்ளியிருக்கும் பிளவுகளும் உண்டு.

எந்தக் கார்டு? 8 ஜிபி அல்லது 16 ஜிபி போதும். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் 32 ஜிபிக்கு மேலே போகாதீர்கள். 4 முதல் 32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் ஆகி வரும். அதற்கு மேலே உள்ளவை எக்ஸ்ஃபேட் முறையில் வரும். இந்த மலிவு சிப்புகளுக்கு எக்ஸ்ஃபேட் புரியாது. 64 ஜிபி கார்டை உள்ளே போட்டால் கார்டே இல்லாதது போலத்தான் நடந்துகொள்ளும். நான்கு நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ் தரத்தில் ஏறக்குறைய 4 எம்பிதான் வரும். 8 ஜிபியிலேயே ஆயிரத்து எண்ணூறு பாட்டுக்கு மேல் அடங்கும். திரையில்லாத பெட்டியில் அதற்கு மேல் வைத்தால் வேண்டிய பாட்டைத் தேடியே விரல் தேய்ந்துவிடும்.

கார்டை கார்டு ரீடரில் போட்டு, விண்டோஸில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபார்மட்டில் ஃபேட்32 என்று தேர்ந்தெடுங்கள். கிளஸ்டர் அளவை அது காட்டியபடியே விடுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்பதால் வேண்டியதை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளவும். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு போனில் போட்டு ஃபார்மட் செய்யலாம். போன் கேட்கும்போது 'போர்ட்டபிள் ஸ்டோரேஜ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போனின் உள் நினைவகமாகச் சேர்க்கச் சொன்னால் போன் அதைப் பூட்டிவிடும், வேறு எந்தக் கருவியும் படிக்காது.

இப்போது போலிக் கார்டு விஷயம். பிளேயர் டூப்ளிகேட் என்று தெரிந்தே வாங்குகிறோம். அதே இடத்தில் மலிவாகக் கிடைக்கும் கார்டும் டூப்ளிகேட்டாக இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. போலிக் கார்டின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். நிஜ இடம் 4 ஜிபியாக இருக்கும், கம்ப்யூட்டரிடம் 32 என்று சொல்லும். பத்து சீட் வேனுக்கு நாற்பது டிக்கெட் கிழித்த மாதிரி. முதல் நான்கு ஜிபிவரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதற்கு மேல் போடும் பாட்டுகள் காப்பி ஆனதாகக் காட்டும், ஆனால் எங்கேயும் பதிந்திருக்காது. அல்லது பழைய பாட்டின் மேலேயே எழுதப்பட்டு இரண்டும் கெடும். ஃபைல் பெயர்கள் கோணல்மாணலான எழுத்துகளாக மாறுவது, நேற்றுப் பாடிய பாட்டு இன்று பாடாமல் தாண்டிப்போவது, பாதிப் பாட்டில் கிறீச்சிட்டு வேறு பாட்டுக்குப் போவது, இவையெல்லாம் அதன் அடையாளங்கள்.

இதைக் கண்டுபிடிக்க விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஜெர்மனிக்காரர்கள் செய்தது, ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்று ஒன்று. இரண்டும் செய்வது ஒரே வேலை: காலிக் கார்டு முழுவதையும் சோதனைத் தகவலால் நிரப்பி, அதையே திரும்பப் படித்துச் சரிபார்க்கும். கார்டின் வேகத்தைப் பொறுத்து அரை மணி நேரமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். இரண்டு மென்பொருளும் இல்லையென்றால் கார்டு நிறையும்வரை பாட்டை ஏற்றி, கார்டைக் கழற்றி மறுபடி போட்டு, முதலில் ஏற்றியதில் சிலதையும் கடைசியில் ஏற்றியதில் சிலதையும் பாட விட்டுப் பாருங்கள். அவ்வளவு துல்லியம் இல்லை, ஆனால் ஏமாற்று பெரிதாக இருந்தால் அகப்பட்டுவிடும்.

ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 32 ஜிபி கார்டு கம்ப்யூட்டரில் 29 சொச்சம் என்று காட்டுவது மோசடி இல்லை. கார்டு செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் போடுகிறார்கள், விண்டோஸ் 1024 கணக்கில் காட்டுகிறது. 16 ஜிபி என்றால் 14.9 வரும். அது சரிதான்.

ஒரே ஒரு பாட்டை வைத்துச் சோதியுங்கள்

ஃபார்மட் செய்த வெறும் கார்டில் ஒரே ஒரு பாட்டு. எம்பி3, 128 கேபிபிஎஸ், மாறாத பிட்ரேட் (விநாடிக்கு எவ்வளவு தகவல் என்ற அளவு), 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிந்தார்கள் என்ற கணக்கு). பெயர் வெறும் '01'. ஃபோல்டர் எதுவும் வேண்டாம். இது பாடினால் பிளேயரும் கார்டும் நல்ல நிலையில் இருக்கின்றன, உங்கள் மற்ற பாட்டுகளில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவாகிவிடும். இது பாடாவிட்டால் இன்னொரு நல்ல கார்டில் இதே சோதனை. அதிலும் பாடவில்லை என்றால் பிளேயர்தான் குற்றவாளி. ரிட்டர்ன் கேட்கும்போது இந்த ஒரு வரி போதும்: இரண்டு கார்டில் சோதித்தேன், பாடவில்லை.

சோதனைப் பாட்டு பாடுகிறது, உங்கள் தொகுப்பு பாடவில்லை என்றால் ஃபைல் வகையைப் பாருங்கள். இந்தப் பெட்டிகளுக்கு எம்பி3 தெரியும், பலவற்றுக்கு டபிள்யூஎம்ஏ தெரியும், சிலவற்றுக்கு வேவ் தெரியும். ஐபோன், யூடியூப் வழியில் வரும் எம்4ஏ, வாட்ஸ்அப் குரல் பதிவுகளின் ஓபஸ், இசைப் பிரியர்கள் வைத்திருக்கும் ஃபிளாக் இதெல்லாம் பெரும்பாலும் ஓடாது. ஃபைல் பெயரின் வால் பகுதியை மட்டும் எம்பி3 என்று மாற்றி எழுதுவதால் உள்ளே இருப்பது மாறிவிடாது. போனில் அது பாடிவிடும், ஏனென்றால் போன் பெயரைப் பார்க்காமல் உள்ளே பார்க்கிறது. மலிவு பிளேயர் ஏமாறும். ஒழுங்காக மாற்ற ஆடாசிட்டி, விஎல்சி இரண்டில் ஒன்று போதும், இரண்டும் இலவசம். ஸ்ட்ரீமிங் செயலிகளில் 'டவுன்லோட்' செய்த பாட்டுகளைக் கார்டுக்கு மாற்ற முடியாது. அவை அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டவை.

பாட்டு வேகமாக, குழந்தை பாடுவது போலக் கேட்டால், அல்லது இழுத்துக்கொண்டு போனால், அதன் சாம்பிள் ரேட் பிளேயருக்கு ஒத்துவரவில்லை. 44.1க்கு மாற்றுங்கள். ஒரு குறிப்பிட்ட பாட்டு வந்ததும் பெட்டி உறைந்து நின்றுவிடுகிறது என்றால் அதில் பெரிய ஆல்பப் படம் ஒட்டியிருக்கலாம். எம்பி3டேக் என்ற மென்பொருளில் அந்தப் படத்தை நீக்கிப் பாருங்கள். உறைந்த பெட்டியை எழுப்ப ஸ்விட்சை ஆஃப் செய்து, கார்டை எடுத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து ஆன் செய்தால் போதும். ஸ்விட்ச் இல்லாத மாடலில் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சார்ஜ் தீரும்வரை விட்டுவிடுவதைத் தவிர வழியில்லை. சின்ன ஓட்டையைக் கண்டால் ஊசியை விட வேண்டாம். ரீசெட்டாக இருக்கலாம், மைக்காகவும் இருக்கலாம்.

மேக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர்களுக்கு ஒரு தனித் தொல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் கூடவே, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட ஒரு குட்டி ஃபைலையும் மேக் எழுதி வைக்கும். மேக்கில் அது கண்ணுக்குத் தெரியாது. பிளேயர் அதையும் பாட்டு என்று நினைத்துத் திறந்து திணறும், இரண்டு பாட்டுக்கு இடையில் சில விநாடி மௌனம் வரும். டெர்மினலில் டாட்கிளீன் கட்டளை கொடுத்தோ, அதே கார்டை விண்டோஸில் போட்டு மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொல்லியோ அவற்றை அழித்துவிடலாம்.

இசை கேட்கிறது, பாடகர் எங்கே?

இந்தப் புகார்தான் எனக்குப் பிடித்தது. தபலா, வயலின் எல்லாம் கணீரென்று வருகிறது, பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ஃபைல் கெட்டுவிட்டது என்று பாட்டை மறுபடி மறுபடி மாற்றிப் பார்ப்பார்கள். ஃபைலில் ஒன்றும் இல்லை. தப்பு இயர்போன் முனையில்.

செல்போன் இயர்போனின் முள்ளில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், அதாவது நான்கு தொடுமுனை. நான்காவது மைக்குக்கு. பழைய பாணி இயர்போனில் இரண்டு வளையம், மூன்று தொடுமுனை. மலிவு பிளேயரின் ஓட்டை மூன்று முனைக்காகச் செய்தது. நான்கு முனை முள்ளைச் செருகும்போது இடது, வலது இரண்டுக்கும் பொதுவான பூமிக் கம்பி சரியாகத் தொடாமல் போய்விடுகிறது. அப்போது காதில் விழுவது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாகத்தான் கலந்திருப்பார்கள், அதனால் அது அடிபட்டுப்போகிறது. ஒரு பக்கமாக ஒதுக்கிய வாத்தியங்கள் மிஞ்சுகின்றன. மோனோவில், அதாவது ஒரே தடத்தில், பதிவான பழைய படப்பாட்டுகளில் இரண்டு பக்கமும் முழுக்க ஒன்றே என்பதால் பாட்டே ஏறக்குறைய காணாமல் போகும்.

சோதனை எளிது. இயர்போனில் மைக் பொத்தான் இருந்தால் அதை அழுத்திப் பிடியுங்கள். குரல் திரும்பி வந்தால் காரணம் இதுவேதான். முள்ளை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்தாலும் சில நேரம் சரியாகும். நிரந்தரத் தீர்வு, மைக் இல்லாத இயர்போன். எந்த மொபைல் கடையிலும் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

ஒரு காதில் மட்டும் கேட்டால் அதே இயர்போனைப் போனிலோ டிவியிலோ போட்டுப் பாருங்கள். அங்கே இரண்டு பக்கமும் கேட்டால் பிளேயரின் ஓட்டை தளர்ந்திருக்கிறது. முள்ளைச் சுழற்றினால் கரகரவென்று சத்தம் வந்து நின்றால் உள்ளே தூசியோ பற்றவைப்பு விட்டதோ இருக்கலாம். புதிய பொருளில் இதைச் சரிசெய்ய உட்காராதீர்கள், ரிட்டர்ன் போடுங்கள். சார்ஜில் இருக்கும்போது மட்டும் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் வந்தால் அது சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல். கேபிளைக் கழற்றினால் போய்விடும், விட்டுவிடுங்கள்.

பாட்டு வரிசை, தமிழ்ப் பெயர்

ஆல்பத்தின் முதல் பாட்டு கடைசியில் வருகிறது, எத்தனை முறை எண் போட்டாலும் மாறவில்லை என்பார்கள். இந்தப் பிளேயர்கள் பெயரைப் பார்ப்பதே இல்லை. கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். ஒரு ஃபோல்டர் முழுவதையும் மொத்தமாக இழுத்துப் போட்டால் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு எழுதும். விண்டோஸில் டிரைவ்சார்ட், லினக்ஸில் ஃபேட்சார்ட் என்ற மென்பொருள்கள் கார்டின் பட்டியலைப் பெயர் வரிசைக்கு மாற்றி எழுதும். பெயரை 1, 2, 10 என்று இல்லாமல் 01, 02, 10 என்று வைத்துக்கொண்டு அதை ஓட்டினால் முடிந்தது.

திரை வைத்த மாடலில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வரும். தமிழ் எழுத்துரு உள்ளே இல்லை, ஏற்றவும் முடியாது. ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றுவதுதான் வழி. ஃபைல் பெயரை மாற்றியும் திரையில் கட்டமே வந்தால், பிளேயர் பாட்டின் உள்ளே எழுதியிருக்கும் பெயர் விவரத்தை, அதாவது டேக்கைக் காட்டுகிறது. அதையும் எம்பி3டேக்கில் மாற்ற வேண்டும்.

இடம் நிறைய இருக்கிறது, ஆனால் 'டிஸ்க் நிறைந்துவிட்டது' என்கிறதா? 2 ஜிபியும் அதற்குக் கீழும் உள்ள நினைவகங்கள் பழைய ஃபேட்16 முறையில் இருக்கும். அதில் ஃபோல்டருக்கு வெளியே 512 பதிவுக்கு மேல் வைக்க முடியாது. நீளமான பெயர் ஒவ்வொன்றும் பல பதிவு இடங்களைத் தின்னும் என்பதால் நூற்றைம்பது பாட்டிலேயே நின்றுவிடலாம். எல்லாவற்றையும் இரண்டு மூன்று ஃபோல்டருக்குள் போட்டால் சரியாகிவிடும்.

கம்ப்யூட்டரில் மாட்டும்போது

ஐபாடில் பாட்டு ஏற்றும் ஆப்பிள் மென்பொருளான ஐட்யூன்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். வெளித்தோற்றம்தான் ஐபாட், உள்ளே சாதாரண பென் டிரைவ். டிரைவாகத் திறந்து காப்பி பேஸ்ட் செய்தால் போதும். உண்மையில் பிளேயரை மாட்டுவதைவிடக் கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டு ஏற்றுவது வேகமும் அதிகம், தொல்லையும் குறைவு. எடுக்கும் முன் 'எஜெக்ட்' கொடுங்கள். எழுதி முடியும் முன் பிடுங்கினால் பட்டியல் கெட்டு, அடுத்த முறை ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்கும்.

உள்ளே ஏற்கெனவே ஏதாவது மென்பொருள் ஃபைல் இருந்தால் அதை ஓட்ட வேண்டாம். வைரஸ் சோதனை செய்து, ஃபார்மட் செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

திரை வைத்து, நானோ மாதிரி இருப்பவற்றில் '16 ஜிபி உள் நினைவகம்' என்று போட்டிருந்தால் கார்டுக்குச் சொன்ன அதே எச்2டெஸ்ட்டபிள்யூ சோதனையை பிளேயரின் டிரைவ் மேலேயே ஓட்டுங்கள். அளவு பொய் என்று வந்தால் ஃபார்மட் செய்து சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், பொய் சொல்வது ஃபர்ம்வேர், அதாவது உள்ளே சிப்பை இயக்கும் மென்பொருள். இணையத்தில் கிடைக்கும் வேறு ஃபர்ம்வேரை ஏற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். வெளியே ஒரே அச்சாக இருக்கும் இரண்டு பெட்டிகளுக்குள் இரண்டு வேறு கம்பெனி சிப் இருக்கும். தப்பான ஃபர்ம்வேர் ஏறினால் இருந்த உயிரும் போய்விடும், ரிட்டர்ன் உரிமையும் சிக்கலாகும். ராக்பாக்ஸ் என்ற இலவச ஃபர்ம்வேரைப் பற்றிப் படித்திருப்பீர்கள், அது சில அசல் ஐபாடுகளுக்கு உண்டு, இந்த நகல்களுக்கு இல்லை.

பணத்தைத் திரும்பக் கேட்பது

முந்நூறு ரூபாய்க்கு யார் அலைவது என்று நீங்கள் விட்டுவிடுவீர்கள் என்ற கணக்கில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யக்கூடியதைச் செய்துவிடுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது, பணம் தர மறுக்கவும் கூடாது. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புகாரில் கோபத்தைக் கொட்டாமல், ஆர்டர் எண், விளக்கத்தில் என்ன சொன்னார்கள், சோதனையில் என்ன வந்தது, ஸ்கிரீன்ஷாட், இவ்வளவு மட்டும் எழுதுங்கள். '32 ஜிபி என்றார்கள், சோதனையில் 4 ஜிபிதான் தேறியது' என்பது 'மோசமான பொருள்' என்பதைவிட நூறு மடங்கு பலமானது.

அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

ரீஃபண்ட் வாங்கப் போய் இன்னொரு பள்ளத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர் எண்' என்று தேடி வரும் நம்பருக்குப் போன் செய்ய வேண்டாம். ஓடிபி கேட்பவர், ஏதோ செயலியை இறக்கச் சொல்பவர், பணம் அனுப்ப கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்பவர், மூவரும் திருடர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

பேட்டரி உப்பினால்

கிளிப் பக்கம் பெட்டி மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, சார்ஜில் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டாலோ சோதனை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். உடனே கழற்றி, தீப்பிடிக்கும் பொருள் பக்கத்தில் இல்லாமல் தனியாக வையுங்கள். குத்துவது, அழுத்தி மூடுவது, பிரித்துப் பார்ப்பது எதுவும் கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது, குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். ரிட்டர்ன் காலத்தில் இருந்தால் உப்பிய பேட்டரியைக் கூரியரில் அனுப்பாமல், போட்டோ எடுத்து அனுப்பி, பேட்டரி உப்பியிருக்கிறது என்று எழுதியே ரீஃபண்ட் கேளுங்கள். அப்புறம் மின்கழிவு வாங்கும் மையத்தில் கொடுத்துவிடலாம். கொடுக்கும் முன் உங்கள் கார்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டியைவிட அதற்குத்தான் விலை அதிகம்.